மச்சானின் நிறை

லில்லஹாமர், நோர்வே
3 மார்ச் 2024

அன்புள்ள தங்கச்சி கௌரிக்கு,

காதைத் தவிர மற்றதெல்லாம் எனக்குச் சுகம். நீயும் மச்சானும் நோய்நொடியில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

புதுக் காது மெசினும் சரிவரவில்லை. போனில் நீ கதைத்தால் டின்னுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கிறது. மகள் கஜானி ஒஸ்லோவிலிருந்து மாதம் ஒருதரம் வந்து, "மெசேஜ் அடியுங்கோ அப்பா" என்கிறாள். அந்தச் சின்ன எழுத்துகளில் என் விரல் நிற்காது. ஆகவே பழையபடி கடிதம்தான். பொறுத்துக்கொள்.

உன் அண்ணி போய் இது இரண்டாவது பனிக்காலம். ஸ்கீப் பலகையைக் காலில் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டால்தான் நாள் போகிறது. ஊருக்குள் மெசின் ஓட்டிச் சீராக்கிய பாதை இருக்கிறது. அதில் எல்லோரும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். தனியாகப் போகிற கறுத்த கிழவனைப் பார்த்து இரக்கத்தோடு சிரிக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்காது. அதனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காட்டுக்குள் போகிறேன். அங்கே மெசின் வராது. ஏற்றமும் இறக்கமுமாய், மரங்களுக்கு நடுவே, முழங்கால் மட்டும் கிடக்கிற பனியில் நாமேதான் தடம் வெட்ட வேண்டும். ஒராளுக்கு அது பெரிய பாடு. இரண்டு பேர் என்றால் மாறி மாறி முன்னால் போகலாம்.

வருகிற பெப்ரவரியில் நீயும் இரத்தினசிங்கமும் வாருங்கள். அவன் உன் புருஷன் ஆக முந்தியே என் பள்ளிக்கூடக் கூட்டாளி. அவனை உனக்குப் பார்த்துச் செய்துவைத்ததுதான் நான் என் வாழ்க்கையில் பிழைவிடாமல் செய்த ஒரே காரியம் என்று அண்ணி சொல்லுவா. ஸ்கீ எல்லாம் நான் எடுத்து வைக்கிறேன். இரண்டு பேருடைய நிறையையும் கால் அளவையும் எழுது. மச்சானின் நிறை முக்கியம். என்னோடு முன்னால் போகப்போகிறவன் அவன்தான்.

அன்புடன்,
அண்ணா குலசிங்கம்


மவுண்ட் ஆல்பர்ட், ஒக்லண்ட்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் இங்கே சுகம். குளிர் நாட்டில் தனிய இருக்கிறீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே புதினம் ஒன்றும் இல்லை. காலையில் ரெயில் ஏறி வேலைக்குப் போகிறேன், பின்னேரம் வரை ஆட்களிடம் இரத்தம் எடுக்கிறேன், அதே ரெயிலில் வருகிறேன். அவருக்கும் வேலை கூட. பெப்ரவரிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. பார்ப்போம்.

ஸ்கீயை உயரத்துக்கு அல்லவா எடுப்பார்கள்? உயரம் என்றால் இப்போதே எழுதிவிடுவேன். அவர் நூற்றியெழுபது சென்ரிமீற்றர், நான் நூற்றைம்பத்தாறு. அது போதாதா? ஐம்பது வயது தாண்டியவர்களிடம் நிறை கேட்பது மரியாதை இல்லை, அண்ணா.

கஜானிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை,
கௌரி


லில்லஹாமர்
28 ஏப்ரல் 2024

அன்புள்ள கௌரி,

நான் சுகம். பனி உருகி வாசலெல்லாம் சேறு.

உயரம் பழைய கதை. கொஞ்சம் பொறுமையாக வாசி. ஸ்கீயை நிலத்தில் வைத்தால் நடுப்பகுதி வில்லைப்போல் மேலே எழும்பி நிற்கும். அதன் அடியில் மீன் செதில் மாதிரி வெட்டு இருக்கும். ஏற்றத்தில் ஒரு காலில் உன் முழு நிறையையும் போட்டால் வில் தட்டையாகி, செதில் பனியைப் பிடிக்கும். நிறை காணாவிட்டால் செதில் பனியைத் தொடாது, வந்த வழியே பின்னுக்கு வழுக்கிக்கொண்டு போவாய். நிறை கூடிவிட்டால் இறக்கத்திலும் பிடித்துக்கொண்டு நிற்கும். சீரான பாதைக்கு ஒல்லியான நீட்டு ஸ்கீ போதும். எங்கள் காட்டுக்கு அகலமானது வேண்டும், ஓரத்தில் இரும்புத் தகடு வைத்தது. மரத்துக்கு மரம் திரும்ப வேண்டும் என்பதால் நீளமும் கூடக்கூடாது. இதெல்லாம் நிறையை வைத்துத்தான் பார்ப்பது.

ஆகவே தராசில் ஏறி நின்று பார்த்து எழுது. மச்சானையும் பிடித்து ஏற்று. உத்தேசமாக எழுதாதே. இந்த நாட்டின் வடக்கே, மீன் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் மீன் நிறுத்தவன் நான். உத்தேசம் எனக்கு ஆகாது.

மச்சானை ஒரு வரி எழுதச் சொல். போன வருஷப் பிறப்பு வாழ்த்திலும் இரண்டு பேர் பெயரையும் நீதான் எழுதியிருந்தாய். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

அண்ணா


மவுண்ட் ஆல்பர்ட்
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணா,

பதில் பிந்தியதற்குக் குறை நினைக்க வேண்டாம். நாங்கள் சுகம். அவரிடம் நிறை கேட்பது நீங்கள் நினைக்கிற மாதிரி லேசான காரியம் இல்லை.

எழுபத்தொன்பது கிலோ. கால் நாற்பத்திரண்டு. உத்தேசம் இல்லை, அவரிடமே கேட்டு எழுதுகிறேன். நான் அறுபத்தொன்று, கால் முப்பத்தேழு.

இங்கே மழைக்காலம். சனிக்கிழமை நகரத்துக்குப் போனபோது ஒரு கடையில் ஸ்கீச் சப்பாத்து மலிவாகப் போட்டிருந்தார்கள். எனக்கும் அவருக்குமாக இரண்டு சோடி வாங்கிவிட்டேன். பிளாஸ்ரிக், நல்ல பாரம், முழங்காலுக்குக் கீழ்வரை வருகிறது. போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். மரத் தரையில் குதிரை நடக்கிற சத்தம்.

வீடியோவில் எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கஜானி கேட்டிருந்தாள். என் போனில் கமரா பழுது. திருத்தியபின் எடுக்கிறேன் என்று சொல்லுங்கள்.

கௌரி


லில்லஹாமர்
4 ஜூலை 2024

அன்புள்ள கௌரி,

சுகம். உன் கடிதத்தை வாசித்துத் தனியே இருந்து சிரித்தேன். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுக் கனநாள்.

அந்தச் சப்பாத்தைத் திருப்பிக் கொடு. அது கம்பியில் தொங்கி மலை உச்சிக்குப் போய் வழுக்கி இறங்குகிறவர்களுடையது. அதில் குதிக்கால் பூட்டிக் கிடக்கும். நாங்கள் காட்டுக்குள் நடந்து ஏறுகிறவர்கள். எங்களுக்கு முன்விரல் மட்டும் பூட்டில் இருக்கும், குதிக்கால் எழும்ப வேண்டும். கணுக்கால் ஆடாமல் பிடிக்கிற தோல் சப்பாத்து, காலில் இரண்டு கம்பளி மேஸ் போட்ட பிறகும் முன்னால் ஒரு பெருவிரல் இடம். அதை இங்கே வந்து போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நீ கம்பளி உள்ளாடை மட்டும் வாங்கு. உங்கள் ஊர் ஆட்டுமயிர் உலகத்தில் திறம்.

எழுபத்தொன்பது என்றால் மச்சான் மெலிந்துபோனானே. கலியாணத்துக்கு முந்தியே எண்பத்தைந்து நின்றவன். நீ ஒழுங்காகச் சாப்பாடு போடுகிறாயா?

அண்ணா


மவுண்ட் ஆல்பர்ட்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணா,

உங்கள் காது எப்படி? இங்கே சுகம்.

சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கம்பளி உள்ளாடை வாங்கினேன்.

பெப்ரவரியில் அவருக்கு லீவு கிடைக்குமோ தெரியாது. ஒருவேளை நான் மட்டும் வந்தால் உங்களுக்குக் கரைச்சலா? சும்மா கேட்கிறேன்.

கௌரி


லில்லஹாமர்
20 செப்ரெம்பர் 2024

அன்புள்ள கௌரி,

நான் நல்ல சுகம். ஏனென்றால் வேலை முடிந்தது.

இங்கே வருஷாவருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் பழைய பனிச்சாமான் விற்பார்கள். விடியவே போய் வரிசையில் நின்றேன். மச்சானுக்கு நூற்றித்தொண்ணூறு சென்ரிமீற்றரில் ஒரு சோடி, உனக்கு நூற்றியெண்பதில் ஒரு சோடி. இரும்பு ஓரம், செதில் அடி, இரண்டும் திறம். காட்டுப் பனியில் புதையாமல் இருக்க அடியில் பெரிய வட்டு வைத்த தடிகளும் எடுத்தேன். எல்லாவற்றிலும் ரேப் ஒட்டி, தமிழில் உங்கள் பெயர் எழுதியிருக்கிறேன். என்னுடையதோடு சேர்த்துச் சுவரில் மூன்று சோடி நிற்கிறது. தேத்தண்ணி குடிக்கிற சாட்டில் போய்ப் போய்ப் பார்க்கிறேன்.

மேல் அறையில் கஜானியின் பழைய கட்டிலைக் கழற்றிவிட்டு இரண்டு பேர் படுக்கிற கட்டில் போட்டாயிற்று.

நீ மட்டும் வருவதா? என்ன விசர்க்கதை. மச்சானின் முதலாளிக்கு நான் ஒரு கடிதம் போடவா? நோர்வேயிலிருந்து கடிதம் வந்தால் லீவு தருவான். பிளேன் ரிக்கற்றைப் போட்டுவிட்டுத் திகதியை எழுது.

அண்ணா


மவுண்ட் ஆல்பர்ட்
13 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அண்ணா,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இதைக் கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கள்.

அவர் வரமாட்டார். லீவு இல்லாததால் அல்ல. அவர் இந்த வீட்டில் இல்லை. போய் இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. ஒனிஹங்காவில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்து இருக்கிறார். இங்கிருந்து காரில் கால்மணி நேரம்.

சண்டை இல்லை, அடிதடி இல்லை, குடி இல்லை, வேறு ஒருத்தியும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "கௌரி, நான் கொஞ்சநாள் தனிய இருந்து பாக்கிறன்" என்றார். நானும் "ஓம்" என்றேன். பிள்ளைகுட்டி இருந்திருந்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். எங்கள் இருவருக்கும் அதைக் கேட்கத் தெரியவில்லை. கொஞ்சநாள் இவ்வளவு நாளாகிவிட்டது.

அந்த மாதம்தான் அண்ணியை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தீர்கள். அந்த நேரத்தில் இதை எப்படி எழுதுவேன்? பிறகு அண்ணி போய்விட்டா. அதற்குப் பிறகு சொன்னால் ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அப்படியே தள்ளிப்போட்டேன். நீங்கள் பார்த்துச் செய்துவைத்தது. அண்ணியும் இல்லாத நேரத்தில், உங்கள் பிழைவிடாத காரியத்தையும் நானே வந்து உடைக்கப் பயமாக இருந்தது.

இங்கே சனங்களுக்கும் தெரியாது. கலியாண வீடு வந்தால் இரண்டு காரில் போய் மண்டபத்து வாசலில் சந்திப்போம். சோடியாக உள்ளே போவோம், பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிடுவோம். போன மாதமும் போனோம். என் சேலையில் கறி பட்டதை அவர் பொக்கெற்றிலிருந்து தன் லேஞ்சியை எடுத்துத் துடைத்துவிட்டார். பிறகு அவர் தன் காரில், நான் என் காரில்.

நிறை கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பக்கத்தில், சான்ட்ரிங்ஹாம் மரக்கறிக் கடையில் அவர் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றார்.

"உங்கட நிறை எவ்வளவு?" என்று கேட்டேன்.

பயந்துபோனார். "ஏன், பார்க்க ஏதும் வருத்தக்காரன் மாதிரி இருக்கிறனோ?"

"இல்லை. அண்ணா கேட்டவர்."

"அவனுக்கு இன்னும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

கையிலிருந்த கத்தரிக்காயைத் திரும்பக் குவியலில் வைத்தார். "பாவம் அவன்" என்றார். பின்னேரம் போனில் நிறையும் கால் அளவும் வந்தது.

அவர் எழுதியது உண்மை. நான் எழுதியதுதான் பொய். அறுபத்தொன்று, அவர் இந்த வீட்டில் இருந்தபோது என் நிறை. இப்போது ஐம்பத்திரண்டு. ஒருத்திக்காக உலை வைக்க மனம் வருவதில்லை. ஒரு பாண் துண்டைக் குசினியில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். கமராவும் பழுதில்லை. என் முகத்தைக் கண்டால் கஜானி கேட்பாள்.

சப்பாத்தில் திருப்பிக் கொடுத்தது என்னுடைய சோடியை மட்டும். அவருக்கு வாங்கியதை வாசலில் வைத்திருக்கிறேன். ஆம்பிளைச் சப்பாத்து வாசலில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு உள்ளே வர ஆறுதலாக இருக்கிறது.

என்னை ஏசி ஒரு கடிதமாவது போடுங்கள்.

கௌரி


மவுண்ட் ஆல்பர்ட்
17 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

சுகம்தானே?

ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைப் பார்க்கிறேன். கஜானிக்கு மெசேஜ் போட்டேன். அப்பா நல்லாய் இருக்கிறார், ஆனால் ஒன்றும் கதைக்கிறார் இல்லை என்று இங்கிலிஷில் எழுதினாள். நான் எழுதியதை அவளுக்கு நீங்கள் சொல்லவில்லை என்று விளங்கியது.

வரவேண்டாம் என்றால் அதையாவது எழுதுங்கள். அந்த இரண்டு சோடி ஸ்கீயையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கௌரி


லில்லஹாமர்
8 டிசெம்பர் 2024

கௌரிக்கு,

நான் சுகமாக இருக்கவில்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து நித்திரை குறைவு.

கோபம் இல்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். கோபம்தான். அவன் போனதற்கு அல்ல. மனுஷர் சேருவதும் பிரிவதும் எங்கும் நடக்கிறது, இங்கே என் தெருவில் பாதி வீடு அப்படித்தான். இரண்டு வருஷமாக "நாங்கள் சுகம்" "நாங்கள் சுகம்" என்று எழுதினாயே, அதற்குத்தான் கோபம். உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி வாசித்தேன். நிறை கேட்டதைத் தவிர, ஒன்றிலும் நீ அவனோடு எங்காவது போனதாக, என்னவாவது கதைத்ததாக ஒரு வரி இல்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. நான் என் தனிமையைத்தான் உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருநாளும் ஒழுங்காகக் கேட்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் பேனையை எடுக்க இவ்வளவு நாள் பிடித்தது.

நீ ஒன்றையும் உடைக்கவில்லை. பார்த்துச் செய்துவைத்தவன் நான், அதனால் முதலில் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மச்சானுக்கும் எழுதினேன். ஏசி இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். பிறகு நாலு வரி எழுதி அனுப்பினேன்: ஸ்கீ நிற்கிறது, அது உன் நிறைக்கு எடுத்தது, வேறொருவருக்கும் சரிவராது, எந்த வருஷம் வந்தாலும் வா. உனக்கு இது பிடிக்காமல் இருக்கலாம். அவனும் ஒரு அறையில் தனியே மெலிந்துகொண்டு இருக்கிறான். என் கூட்டாளியை என்னால் விட ஏலாது, கௌரி.

உன் சோடியைப் பழைய சாமான் கடைக்குக் கொண்டுபோய் மாற்றினேன். இப்போது நூற்றியெழுபது. உன் பழைய பொய்யோடு ஏற்றத்துக்குப் போயிருந்தால் முதல் மேட்டிலேயே பின்னுக்கு வந்து மரத்தில் அடித்திருப்பாய்.

பனி விழுந்துவிட்டது. நீ வா. ஒராளாக வா. முன்னால் நான் போகிறேன், களைத்தால் நீ போ.

அண்ணா


மவுண்ட் ஆல்பர்ட்
2 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணா,

புது வருஷம் உங்களுக்கு நோயில்லாமல் போகட்டும். எனக்கு நேற்றுக் கொஞ்சம் காய்ச்சல். இன்று பரவாயில்லை.

அவருக்கு நீங்கள் எழுதியது எனக்குக் கொஞ்சம் சுட்டது. பிறகு சரி என்று பட்டது. கடிதம் கிடைத்ததாக அவர் ஒரு மெசேஜ் போட்டார். வேறொன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று பின்னேரம் சான்ட்ரிங்ஹாமில் ரிக்கற் போடுகிற கடைக்குப் போனேன். ஸ்வர்ணா என்ற சென்னைப் பிள்ளை வேலை செய்கிறாள். எங்களுக்கு எப்போதும் அவள்தான் ரிக்கற் போடுவது. எனக்குப் பின்னால் கதிரையில் அன்னபாக்கியம் அக்கா இருந்தா. அவ காதில் ஒன்று விழுந்தால் வெள்ளிக்கிழமைப் பூசைக்குள் கோயில் முழுக்கப் போய்விடும்.

"எத்தனை பேர் ஆன்ட்டி? அங்கிளும் வர்றாருல்ல?" என்று கேட்டாள் ஸ்வர்ணா.

இல்லை, அவருக்கு லீவு இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அது எனக்கு நாக்கு நுனியில் இருக்கிற வசனம். ஆனால் இந்த முறை அது வரவில்லை, அண்ணா.

"இல்லை பிள்ளை. ஒராள்தான். நாங்கள் பிரிஞ்சு இரண்டரை வருஷம்" என்றேன். குரல் தேவைக்கு மேலே சத்தமாக வந்துவிட்டது. கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

பின்னால் அன்னபாக்கியம் அக்கா இருமினா. இனிக் கேள்வி வரும், பரிதாபம் வரும், யாராவது தோளில் கை வைப்பார்கள் என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஸ்வர்ணா கணினியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "சரிங்க ஆன்ட்டி" என்று தட்டினாள். "ஜன்னல் சீட் போடவா, நடை ஓரமா போடவா?"

"ஜன்னல்" என்றேன். பெப்ரவரி எட்டு, சனிக்கிழமை பின்னேரம் ஒஸ்லோவில் இறங்குகிறேன்.

வெளியே வந்து பஸ் தரிப்பில் இருந்து அழுதேன். இரண்டு பஸ் வந்து போனது. ஒருவரும் என்னவென்று கேட்கவில்லை. இவ்வளவு காலமும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிய அந்தப் பொய் இந்த ஊரில் ஒருவருக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை, அண்ணா. அதற்குத்தான் அழுதேன்.

உங்கள் தங்கை,
கௌரி